கையுறைக்குள் இருந்த பொட்டலம்

லாசால், மொன்றியல்
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் ஆரூரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதினால் அது முழுப் பொய். ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் பேந்து கதைக்கிறன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். விசாரணை முடியும் வரைக்கும் இதைப் பற்றிப் போனிலோ மெசேஜிலோ ஒன்றும் பேச வேண்டாம் என்று உன் ஏஜன்ட் மெலனியும் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பேனையை எடுத்தேன். தமிழில் எழுதினால் ஒஹையோவில் யார் வாசிக்கப் போகிறார்கள்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நீ அழுதழுது போனது இப்போதாவது உதவட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அதனால் பெரிய எழுத்தில், சின்ன வசனமாக எழுதப் பார்க்கிறேன். கூட இருக்கிற பொடியன்களுக்கு முன்னால் வாசிக்காதே. உன் முகம் எதையும் மறைக்கிற முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் பேஸ்போல் ஆட்டத்தை நான் டிவியில் பார்த்தேன். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். நீ ஏழாவது சுற்றுக்குப் பந்தெறிய வந்தாய். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பினாய். அந்த மூன்றாவது ஆள் காற்றில் மட்டையை வீசிவிட்டு நின்ற நிலையைப் பார்த்து நான் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். இனி என்ன, மேஜர் லீக்கில் இருந்து ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இந்தக் கிழமையே கூப்பிடக்கூடும் என்று நீயே சொல்லியிருந்தாயே. கழகம் ரொறன்ரோவுக்கு விளையாட வரும்போது எல்லோரும் ஒரே வான் வண்டியில் போவதென்று அக்கா திட்டமும் போட்டுவிட்டாள்.

நீ வெளியே நடந்துவர, நடுவர் வழக்கம்போல உன்னை நிறுத்தினார். பந்தெறிகிற பிச்சர்மார் பந்தில் பசை கிசை பூசிவிடாமல் கை, தொப்பி, கையுறை எல்லாம் தடவிப் பார்ப்பார்களே, அதுதான் என்று நானும் இருந்தேன். அவர் கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தை அமர்த்திப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மற்ற நடுவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அந்தப் பஞ்சுக்குள் விரலை விட்டு, நூலோடு சேர்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை இழுத்தெடுத்தார்கள். அதன் பிறகு கையை உயர்த்தி உன்னை வெளியே போகச் சொன்னார்கள்.

பொட்டலத்தைக் கண்டதும் உன் முகம் மாறியது. அது கோபம் இல்லை. யாருடையது என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அதைக் கட்டியிருந்த மஞ்சள் பட்டுத் துண்டு அக்கா தாட்சாயினியின் கலியாணத்துக்கு ரவிக்கை தைத்து மிஞ்சியது. உன் அம்மாவைத் தவிர அதில் யார் திருநீறு கட்டுவார்கள்?

மூன்று பேரையும் அவுட் ஆக்கிவிட்டானா என்று குசினிக்குள் இருந்து அம்மா கேட்டார். ஓம், மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு டிவியை நிறுத்தினேன்.

போன ஒக்டோபரில் நீ வீட்டில் நின்றாய். ஆயுத பூசைக்கு அவரவர் தொழில் சாமானைச் சாமித் தட்டுக்கு முன்னால் வைத்தோம். நான் வேலைத்தலத்தில் கார்ட்போட் மட்டைப் பெட்டி வெட்டுகிற கத்தியை வைத்தேன். அக்கா கொம்பியூட்டரை வைத்தாள். அம்மா கத்தரிக்கோலும் ஊசிப்பெட்டியும் வைத்தார். நீ இந்தப் புதுக் கையுறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். மாட்டுத் தோலைச் சாமிக்கு முன்னால் வைக்கலாமா என்று நான் பகிடி விட, அம்மா என்னை முறைத்த முறைப்பு உனக்கு நினைவிருக்கும். அடுத்த நாள் அவர் ஜன்னலோரம் இருந்து அந்தக் கையுறையை மடியில் வைத்து ஏதோ தைத்துக்கொண்டிருந்ததையும் நான் கண்டேன். நூல் விட்டுப் போயிற்றாக்கும் என்று எண்ணிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனேன். ஷபனெல் தெருத் தொழிற்சாலையில் இருபது வருடமாகக் கோட்டுக்கு உள்துணி தைத்த கை அது. பிரித்துத் தைத்தால் பிரித்த இடம் தெரியாது. உனக்கும் தெரியவில்லை, இவ்வளவு நாளும் பார்த்த நடுவர்களுக்கும் தெரியவில்லை. ஒஹையோ வெக்கையில் உன் வேர்வை இறங்கி, திருநீறும் சந்தனமும் ஊறிக் களியாகி, நூலிடுக்கால் வெளியே வந்திருக்கிறது.

மெலனி நேற்று எனக்குப் போன் எடுத்தார். பத்து ஆட்டத் தடையாம். அது பெரிதில்லையாம். வருகிற திங்கட்கிழமை கழகக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்களாம். நீ வேண்டுமென்றே ஏமாற்றினாய் என்று அவர்கள் முடிவெடுத்தால் உன்னைக் கழகத்தில் இருந்து விலக்கிவிடுவார்களாம். முழங்கையை வெட்டித் தைத்த, வயது இருபத்தெட்டு ஆன இடக்கைப் பிச்சரை, கள்ளன் என்ற பெயரோடு வேறு எந்தக் கழகமும் எடுக்காதாம். நீயோ என்னுடையதுதான், வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாயாம். அது என்ன பொட்டலம், உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கத் தேவையில்லை. உன் முழங்கை பழுதான வருடம் அம்மா கிடந்த கிடையை நான் மறக்கவில்லை. முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனைத் தான் தள்ளிப் போட்டதால்தான் பிள்ளையின் கை போனது என்று, சாப்பாடு இல்லாமல், வேலைக்குப் போகாமல், எலும்பும் தோலுமாகிப் போனவர். உன் கை தேறி நீ திரும்பப் பந்தெறிந்த அன்றுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார். இப்போது இதுவும் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் அதற்காக நீ உன் கையை விற்றுவிடப் போகிறாயா?

யோசித்து எனக்கு ஒரு பதில் சொல். நீ சொல்லும் வரைக்கும் அம்மாவிடம் வாய் திறக்க மாட்டேன். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சாப்பாட்டை விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆனந்தராசா


லாசால்
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகனுக்கு,

நேற்று நீ போன் எடுத்து இரண்டே இரண்டு வசனம் பேசினாய். "அம்மாவிட்டச் சொல்லாதீங்கோ அப்பா. என்ர எண்டே இருக்கட்டும்." அவ்வளவுதான். நான் போனை வைத்தேன். பக்கத்தில் அம்மா நின்றார். நின்றிராவிட்டால் உன்னை நல்ல ஏச்சு ஏசியிருப்பேன். இப்போது எழுத்தில் ஏசுகிறேன், ஆறுதலாக வாசி.

உனக்கு முன்பும் சொல்லியிருக்கிறேன். இங்கே மற்றவர்களுக்கெல்லாம் பரம்பரையாக வருகிற குடும்பப் பெயர் இருக்கிறது. எங்களுக்குத் தகப்பன் பெயர்தான். உன் சட்டையின் முதுகில் ஒரு தோளில் இருந்து மற்றத் தோள் வரை சுருக்கிச் சுருக்கி எழுதியிருக்கிறதே, அது எந்தப் பாட்டன் முப்பாட்டன் பெயரும் இல்லை, உயிரோடு இருக்கிற என் பெயர். நீ நல்லாக எறிந்தால், ஆனந்தராசா அபாரம் என்று அந்த அறிவிப்பாளர் கத்துவார். நான் வேலைத்தலத்தில் மட்டைத் தூசியோடு நின்றுகொண்டு அதைப் போனில் கேட்பேன். யாருக்குக் கிடைக்கும் அது? ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அதே ஆட்கள், ஆனந்தராசா ஏமாற்றிப் பிடிபட்டார் என்கிறார்கள். இந்த ஊரில் ஒருவரிடமும் ஒரு சதம் ஏமாற்றாத மனுசன் நான். எனக்கு அது சுடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை ஞானேந்திரன் கோயில் வாசலில் என்னை மறித்தான். பத்து வருடமாக என்னோடு ஒரே மெஷினில் நிற்கிறவன். பொடியன் களவு செய்து பிடிபட்டிட்டானாமே என்று துக்கம் விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். அம்மா உள்ளே உன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துகொண்டு நின்றார். வாயை மூடு, அவ வருகிறா என்று அவன் கையைப் பிடித்து அமர்த்தினேன். அவனுக்கு நொந்திருக்கும். நோகட்டும்.

டிவியில் உன் பெயர் வரும் என்று அம்மா காத்துக்கொண்டு இருக்கிறார். உனக்கு விளங்குகிறதா? ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏன் பிள்ளையைக் காணவில்லை என்று கேட்கிறார். கைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று நான் புளுகிவைத்தேன். கைக்கு ஓய்வு என்றால் கையில் ஏதோ பிழை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒக்டோபரில் தான் வைத்த காப்பின் பலம் இந்த வெயிலுக்குக் குறைந்திருக்கும் என்று எனக்கே சொன்னார். தான் அதைக் கையுறைக்குள் வைத்துத் தைத்ததை அப்போதுதான் முதல் தடவை என் காதில் போட்டார். நீ அறிந்தால் கழற்றி எறிந்துவிடுவாய் என்றுதான் சொல்லாமல் வைத்தாராம். சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பிள்ளைச் சிரிப்பு. இன்று பின்னேரம் கோயிலில் புதுத் திருநீறு வாங்கி, இன்னொரு பொட்டலம் கட்டி, மெலனி உன்னிடம் வரும்போது கொடுத்துவிடப் போகிறாராம். எப்படித் தைப்பது என்று படம் கீறிக் கொடுப்பாராம். நான் என்ன சொல்லித் தடுப்பேன், நீ சொல்லு.

மெலனி நேற்றுப் பின்னேரம் லொங்குய்யில் இருந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் விமானம் ஏறுகிறாராம், அதற்கு முன்னால் ஏதாவது தெரிந்தாக வேண்டுமாம். அம்மா வடை சுட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கவும் முடியாமல் என்னையே பார்த்தது. பொட்டலத்துக்குள் இருந்ததைச் சோதிக்கக் கொடுத்தார்களாம். சாம்பலும் வாசனை மரத்தூளும் என்று பதில் வந்ததாம். பந்து வழுக்காமல் இருக்க இது என்ன புதுக் கலவை என்று கழகத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லையாம். பழைய கலவை பூசுகிறவனை விடப் புதுக் கலவை கண்டுபிடிக்கிறவன் பெரிய கள்ளன் என்று சிலர் பேசுகிறார்களாம்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது என்று மெலனி நினைத்துவிட்டார். தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சே அவருக்குப் போதும். வெள்ளைப் பவுடர் என்ற சொல் காதில் விழுந்ததும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். என்ன பவுடர், யாருக்கு என்று என்னைத் தமிழில் கேட்டார். வெயிலுக்கு முகத்தில் பூசுகிற பவுடராம், தம்பிக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார், சட்டியில் வடை கருகியது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் கையால் வடை கருகி நான் கண்டதில்லை.

வாசலில் மெலனியிடம் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒன்று கேட்டேன், உண்மை தெரிந்தால் கழகம் நம்புமா என்று. தடை தடைதானாம், வைத்தது யார் என்றாலும் கையுறைக்கு உடையவன்தான் பொறுப்பாம். ஆனால் நீ ஏமாற்றவில்லை என்று நம்பினால் வைத்துக்கொள்வார்களாம். ஏனென்றால் நீ அவர்களுக்குத் தேவையாம். அதை நீ உன் வாயால், அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வேறு ஆட்கள் சொன்னால் சாக்குப்போக்குப் போலத்தான் இருக்குமாம்.

இதையும் கேள். எங்கள் ஊரில் நான் கிரிக்கெட் விளையாடிய காலத்தில் முழங்கையை மடக்கி எறிந்தால் நடுவர் பந்தைச் செல்லாது என்பார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலைத்தலத்தில் ஒருவர் இனாமாகத் தந்த டிக்கெட்டில் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேன். அது எக்ஸ்போஸ் கழகம் இங்கிருந்து போன வருடம். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஆட்களை விடக் கதிரைகள்தான் கூட. எல்லோரும் முழங்கையை மடக்கி எறிந்துகொண்டு நின்றார்கள். இது என்னடா, முழுக் களவாக இருக்கிறதே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அந்தப் பிச்சரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது மெத்ரோ ரயிலில் இடக்கையால் வெறுங்காற்றை எறிந்துகொண்டே வந்தாய், ஒரு கிழவியின் தொப்பியையும் தட்டி விழுத்தினாய். அன்றைக்குத் தொடங்கியது. பிறகு பனியும் சேறும் பார்க்காமல், மே மாதக் குளிரில் விரல் நீலம் பாரித்து, பெயர் தெரியாத அமெரிக்க ஊர்களில் பஸ்ஸில் படுத்து, முழங்கையை வெட்டி, திரும்பவும் முதல் படியில் இருந்து ஏறி, இப்போது கடைசிப் படியில் நிற்கிறாய். அம்மாவைக் காப்பாற்ற நீ என் பெயரைக் கொடுத்துவிட்டாய். கேட்டிருந்தால் நானே எடுத்துத் தந்திருப்பேன். ஆனால் உன் கையையும் சேர்த்துக் கொடுக்கிறாயே, அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். உன் மனம் மாறாவிட்டால் நானே அம்மாவிடம் சொல்வேன். நீ என்னோடு பேசாமல் விட்டாலும் பரவாயில்லை. மெலனியிடம் வேலை செய்கிற ஆள் ஒருவர் இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ் தெரியாதவர், பயமில்லை.

உன் அப்பா
ஆனந்தராசா


லாசால்
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் ஆரூரனுக்கு,

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வரவில்லை.

நேற்றுக் காலையில் அம்மா அக்கா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று லவாலுக்கு வெளிக்கிட்டார். பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் என்றார். வாரநாளில் கார்டெறி என்கிற குழந்தைக் காப்பகத்தில் இருக்கிற பிள்ளையைச் சனிக்கிழமையில்தானே பார்க்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். புதுப் பொட்டலம் கைப்பைக்குள் இருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் தாட்சாயினியிடம் ஒன்றுதான் கேட்டாராம். தம்பியின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போட்டுக் காட்டு என்று. அப்பா எல்லாம் சொல்லிவிட்டார், இனி ஒளிக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல அவருக்கு எப்போது பழகியது என்று தெரியவில்லை. அக்கா நம்பிப் போட்டுக் காட்டிவிட்டாள்.

ஒரு தடவை முழுக்கப் பார்த்தாராம். பிறகு நடுவர் கையுறைக்குள் விரலை விடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாராம். துணியை விட நூலைத்தான் பார்த்தார் என்று அக்கா சொல்கிறாள். "அது என்ர தையல்" என்று மட்டும் சொன்னாராம். சாப்பிடாமல், பேரப்பிள்ளையைத் தூக்காமல், காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றதையும் கேட்காமல், தனியாக மெத்ரோ ஏறிவிட்டாராம். லவாலில் இருந்து லாசாலுக்கு மெத்ரோ மாறி, பஸ் ஏறி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க அக்கா எனக்குப் போன் எடுத்து அழுதாள். நான் பஸ் தரிப்பிடத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். ஜூலை முதலாம் திகதி வீடு மாறுகிற சனம் இப்போதே தெருவில் சோபாவும் கட்டிலும் இறக்கி வைத்திருக்கிறது. யாரோ எறிந்த சோபா ஒன்றில் கொஞ்ச நேரம் இருந்தேன். முழங்கைக் காலத்தில் அவர் கிடந்த கிடைதான் கண்ணுக்குள் வந்தது. அம்பியூலன்ஸ் நம்பரைக் கூடப் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன், சிரிக்காதே.

அம்மா பஸ்ஸால் இறங்கினார். அழுத முகம் இல்லை. நான் கையைப் பிடிக்கப் போக, விலக்கிவிட்டு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு கேட்டார். "இஞ்சருங்கோ, எல்லாருக்கும் தெரியுமோ? எனக்கு மட்டுமோ தெரியாது?" நான் தலையைக் குனிந்தேன். அதன் பிறகு கிடைத்தது பார் எனக்கு. என்னை என்ன கண்ணாடிக் கோப்பை என்று நினைத்தீர்களா, தட்டினால் உடைய என்று தொடங்கினார். பிள்ளை கள்ளப் பட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறான், நான் கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டு நிற்கிறேன், ஞானேந்திரனும் பெண்சாதியும் என் முதுகைப் பார்த்துக் குசுகுசுத்திருக்கிறார்கள், எனக்கு ஏன் என்று தெரியாமல் அவர்களுக்குப் பிரசாதமும் கொடுத்திருக்கிறேன் என்று ஏசினார். உனக்கும் கிடைத்தது. நீ இங்கே இல்லாததால் உன் பங்கையும் நான்தான் வாங்கினேன்.

ஏசி முடிந்ததும் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். திரும்பவும் தொடங்கிவிட்டதடா, தன்னைத்தானே வதைக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கும்பிடவில்லை. கைப்பையில் இருந்த புதுப் பொட்டலத்தை எடுத்துப் படத்தடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"முருகனுக்கு பேஸ்போல் விதி தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சவன் வாயைத் திறந்து சொல்லட்டும்."

அவ்வளவுதான், மகனே. நீயும் நானும் பயந்துகொண்டு இருந்தது இதற்குத்தான். அழுகை வரவில்லை என்று எழுத மாட்டேன். பின்னேரம் வந்தது. குளியலறைத் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார். நான் வெளியே நின்றேன். ஆனால் வந்து சாப்பிட்டார். நான் வைத்த சோற்றையும், கரியாகப் போன கத்தரிக்காயையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். என் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

சாப்பிட்டதும் மேல் தட்டில் இருந்து நீ பதின்மூன்று வயதில் போட்ட பழைய கையுறையை இறக்கச் சொன்னார். மெலனியையும் அக்காவையும் வரச்சொன்னார். இரண்டு பேருக்கும் முன்னால் ஜன்னலோரம் இருந்து, மணிக்கட்டுப் பக்கத் தையலைப் பிரித்து, அதே மஞ்சள் பட்டில் திருநீறும் சந்தனமும் கட்டி, உள்ளே வைத்து, அதே நூலால் மூடிக் காட்டினார். ஏன் வைத்தார், எப்போது வைத்தார், உனக்குச் சொல்லாமல் ஏன் வைத்தார் எல்லாவற்றையும் தமிழில் சொல்ல, அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். மெலனி போனில் படம் பிடித்துக்கொண்டார். வேட்டைத் திருவிழாவுக்குக் கூட இவ்வளவு கவனமாகச் சேலை உடுத்தாதவர், கூறைச்சேலை உடுத்திக்கொண்டுதான் அந்தக் கதிரையில் இருந்தார். முடிந்ததும், இந்தக் கையுறையை அவர்கள் மேசையில் வைத்து நடுவர் வைத்திருக்கிற கையுறையோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நம்புவார்களோ இல்லையோ தனக்குத் தெரியாது என்று மெலனி உண்மையைச் சொன்னார். அம்மா சரி என்று தலையை ஆட்டினார்.

மெலனி கீழே காரில் காத்திருக்கிறார். நேரே விமான நிலையம் போகிறார். இந்தக் கடிதத்தையும் பழைய கையுறையையும் அவர்தான் உன்னிடம் தருவார். படத்தைக் காட்டுவது அவர் வேலை. உன் வேலை வேறு. நாளைக்கு அவர்கள் கேட்கும்போது, என் அம்மா வைத்தார், எனக்குத் தெரியாது என்று நீ சொல்ல வேண்டும். அதைச் சொல்வது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது இல்லை. அவரே சொல்லச் சொல்கிறார். சொல்லியும் அவர்கள் உன்னை விலக்கிவிட்டால் வீட்டுக்கு வா. உன் அறையில் அம்மாவின் தையல் மெஷின் நிற்கிறது, அதைத் தள்ளி வைக்கலாம். ஆனால் சொல்லாமல் மட்டும் வராதே. என் பெயரைப் பற்றியும் யோசிக்காதே. உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறவன் முதுகில் அது எங்கேயும் இருக்கலாம்.

நீரும் இரண்டு வரி எழுதும் என்று அம்மாவிடம் பேனையை நீட்டினேன். வேண்டாம், எழுதத் தொடங்கினால் ஏசத்தான் வரும் என்றார். உனக்கு எங்கள் வீட்டில் இருந்து எது வந்தாலும், பலகாரப் பெட்டியோ குளிர்ச்சட்டையோ, மடிப்புக்குள் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருக்கும். இந்த உறைக்குள் இல்லை. தேடாதே.

கடிதத்தைத் தான் மடித்துத் தருகிறேன் என்று இப்போதுதான் கை நீட்டினார். காலையில் கோயிலுக்குப் போய் வந்தவர். விரலில் திருநீறு இருந்தது. நான் அதைப் பார்க்க, அவரும் பார்த்தார். தாளைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறார், இன்னும் கழுவுகிறார். துடைத்துக்கொண்டு வந்து மடிப்பார்.

அதனால் இந்தத் தாளில் கடைசியாகப் பட்டிருப்பது உன் அம்மாவின் வெறுங்கை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு நாளைக்கு அந்த அறைக்குள் போ, ராசா. போய் வாயைத் திற.

உன் அப்பா
ஆனந்தராசா